நேச நாடு ஊரறியக் குறை சொன்னால் தலைவர்கள் மூடிய அறைக்குள் என்ன செய்கிறார்கள்? (வியட்நாம் போர்க்கால எடுத்துக்காட்டுகள்)

ஓலைச்சுவடி:

எதிரி நாடு கண்டித்தால் அதற்கான பதில் முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கும். நேச நாடு ஊரறியக் குறை சொல்லும்போது அப்படி எதுவும் கைவசம் இருப்பதில்லை. பத்திரிகையாளர்களிடம் புன்னகையோடு ஒன்றைச் சொல்லிவிட்டு, கதவை மூடிக்கொண்டு வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது பேச்சைப் பற்றி விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒலிநாடாக்களும் குறிப்பாணைகளும் ஏராளமாக வெளியாகியிருப்பதால், அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் காலத்திலிருந்து தொடங்கலாம்.

1965 மார்ச் 2 அன்று வடவியட்நாம் மீது அமெரிக்காவின் தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, கனடாவின் பிரதமர் லெஸ்டர் பியர்சன் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அமைதி விருது ஒன்றைப் பெற்றுக்கொண்டு உரையாற்றினார். உரையின் பெரும்பகுதி அமெரிக்காவின் நோக்கங்களை ஆதரித்தே இருந்தது. ஆனால், தக்க தருணத்தில் குண்டுவீச்சைச் சிறிது காலம் நிறுத்திவைத்தால் வடவியட்நாமின் ஹனோய் அரசு முகம் இழக்காமல் பேச்சுவார்த்தைக்கு வர வழி பிறக்கலாம் என்று ஓரிடத்தில் அவர் கூறினார். அவருடைய வெளியுறவு அமைச்சர் பால் மார்ட்டினே இந்தப் பகுதி வேண்டாம் என்று எதிர்த்தவர். உரையின் நகல் வெள்ளை மாளிகைக்கு முன்னதாகக் காட்டப்படவில்லை.

மறுநாள் அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் மதிய உணவுக்கு பியர்சன் அழைக்கப்பட்டிருந்தார். உணவு வேளையில் வியட்நாம் பற்றி ஜான்சன் வாயைத் திறக்கவில்லை. பெரும்பாலும் தொலைபேசியிலேயே இருந்தார். பிறகு பியர்சனே பேச்சைத் தொடங்க, இருவரும் வெளியே மேல்தளத்துக்குச் சென்றார்கள். வாஷிங்டனில் கனடாவின் தூதராக இருந்த சார்லஸ் ரிச்சியும், ஜான்சனின் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியும் அருகிலிருந்த மரங்களுக்கிடையே நடந்தபடி அந்தக் காட்சியைக் கண்டனர். ஜான்சன் கைகளை வீசி, குரலை உயர்த்தி, ஒரு கட்டத்தில் பியர்சனின் கோட்டுக் கழுத்துப்பட்டையைப் பிடித்தே பேசினார் என்று ரிச்சி எழுதியிருக்கிறார். நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஒரு பிரதமரை இன்னொரு நாட்டின் தலைவர் இப்படி நடத்தியதற்கு நிகரான வேறொரு நிகழ்வு எனக்கு நினைவில் இல்லை. ஆனால், செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டதோ சந்திப்பு இனிதாக நடந்தது என்பதுதான்.

என் கேள்வி இதுதான். இந்தச் சினம் கொள்கையாக மாறியதா, அல்லது அந்த மேல்தளத்திலேயே தீர்ந்துபோனதா?

தென்பொருநை:

நல்ல தொடக்கம், ஐயா. விடைக்குப் போகுமுன் சான்றுகளைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிச்சி நேரில் கண்டவர். ஆனால், தொலைவிலிருந்து கண்டவர், எல்லாச் சொற்களும் அவர் காதில் விழுந்திருக்க முடியாது. அவருடைய விவரிப்பு அச்சில் வந்தது 1974-இல். பியர்சன் 1972 டிசம்பரிலும் ஜான்சன் 1973 ஜனவரியிலும் காலமாகிவிட்டனர். எனவே, மறுக்கவோ திருத்தவோ இருவரும் இருக்கவில்லை. ‘என் வீட்டுக்குள் வந்து என் கம்பளத்தின் மீதே சிறுநீர் கழித்துவிட்டீர்’ என்று ஜான்சன் சொன்னதாகப் பரவியுள்ள வாசகம் பிறர் வாய்வழியாக வந்தது. கழுத்துப்பட்டையையும் கம்பளத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியாகாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே ஆண்டு ஜனவரி 16 அன்று, டெக்சாஸில் ஜான்சனின் பண்ணை வீட்டில், இரு நாடுகளும் மோட்டார் வாகன வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத் தொழிற்சாலைகளுக்கு அது உயிர்நாடி போன்றது. டெம்பிள் உரைக்குப் பிறகும் அந்த ஒப்பந்தம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தேங்கவில்லை. அதைச் செயல்படுத்தும் சட்டம் அக்டோபரில் நிறைவேறியது. தண்டிக்க வேண்டும் என்ற எண்ணம் ஜான்சனுக்கு இருந்திருந்தால், அவர் விரலைக்கூட அசைத்திருக்க வேண்டியதில்லை. சட்ட முன்வரைவை மெல்லக் கிடப்பில் போட்டிருந்தால் போதும். அவர் அப்படிச் செய்யவில்லை.

மேலும், மே மாதத்தில் சில நாட்கள் குண்டுவீச்சு நிறுத்தப்பட்டது. பியர்சன் சொன்னதால்தான் நிறுத்தினார் என்று நான் வாதிடவில்லை, நிர்வாகத்துக்குள்ளேயே அந்த யோசனை உலவிக்கொண்டிருந்தது. ஆனால், உள்ளே பேசப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றை வெளியே ஒருவர் சொல்லிவிட்டார் என்பதே ஜான்சனைச் சுட்டிருக்கும் என்று கருதுகிறேன். கனடா சாதாரணப் பார்வையாளரும் அல்ல. வியட்நாம் பற்றிய ஜெனீவா உடன்படிக்கையின் கண்காணிப்பு ஆணையத்தில் இந்தியாவோடும் போலந்தோடும் அது அப்போது உறுப்பு நாடாக இருந்தது. 1964 ஜூன் முதல் கனடிய அதிகாரி பிளேர் சீபார்ன், அமெரிக்காவின் செய்திகளை இரகசியமாக ஹனோய்க்குக் கொண்டு சென்றுகொண்டிருந்தார். அப்படிப்பட்ட தூதுவழி ஒன்றை வைத்திருக்கும் நாட்டின் பிரதமர் அமெரிக்க மேடையிலேயே மாற்று யோசனை சொன்னால், ஹனோய் அதை எப்படிப் படிக்கும் என்ற கவலை நியாயமானதே.

மாடவீதி:

இருவரும் கனடாவோடு நின்றுவிட்டீர்கள். பிரிட்டன் பிரதமர் ஹெரால்ட் வில்சனோடு ஒப்பிடாமல் இதை விளங்கிக்கொள்ள முடியாது.

1965 பிப்ரவரியில் தென்வியட்நாமின் குயி நோனில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டதும், வில்சன் நள்ளிரவில் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் அழைத்து, தாம் உடனே வாஷிங்டனுக்குப் பறந்து வரலாமா என்று கேட்டார். ஜான்சனின் பதில் ஆவணங்களில் இருக்கிறது. மலேசியாவை எப்படி நடத்துவது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், வியட்நாமை எப்படி நடத்துவது என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லாதீர்கள் என்பதே அதன் சாரம். உதவ விருப்பம் இருந்தால் ஆட்களை அனுப்புங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போது இந்தோனேசியாவின் சுகர்ணோ அரசுக்கு எதிராக மலேசியாவைக் காப்பதற்குப் பிரிட்டிஷ் படைகள் பெரும் எண்ணிக்கையில் போர்னியோவில் இருந்தன. எனவே, அந்தக் குத்தல் வெறும் கோபம் அல்ல. உங்கள் போர் உங்களுக்கு, எங்கள் போர் எங்களுக்கு என்ற கணக்கும் அதில் இருந்தது. வில்சன் இறுதிவரை ஒரு படைப்பிரிவைக்கூட அனுப்பவில்லை. பைப் இசைக்கும் ஒரு சிறு குழுவையாவது அனுப்புங்கள் என்று ஜான்சன் கேட்டதாகச் சொல்வார்கள்.

இப்போது 1966-க்கு வாருங்கள். ஹனோய், ஹைபாங் நகரங்களை ஒட்டிய எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்க முடிவானபோது, அதை வில்சனுக்கு முன்கூட்டியே தெரிவித்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பெண்டகனிலிருந்து ஓர் அதிகாரி லண்டனுக்கு வந்து திட்டத்தை விளக்கினார். அப்படி ஒன்று நடந்தால் பிரிட்டன் தன்னை அதிலிருந்து விலக்கிக்கொண்டு அறிக்கை விட நேரும் என்று வில்சனும் முன்கூட்டியே எழுதிவிட்டார். ஜூன் 29 அன்று குண்டுகள் விழுந்தன. அன்றே வில்சன் நாடாளுமன்றத்தில் அந்தத் தாக்குதலிலிருந்து பிரிட்டனை விலக்கிக்கொண்டார். அமெரிக்காவின் மொத்தக் கொள்கைக்கு ஆதரவு தொடரும் என்ற வரியும் அதிலேயே இருந்தது. பியர்சனின் உரையைக் காட்டிலும் இது கடுமையான சொல். பியர்சன் யோசனை சொன்னார், வில்சன் விலகி நின்றார். ஆனாலும் ஒரு மாதம் கழித்து, ஜூலை 29 அன்று, வெள்ளை மாளிகை விருந்தில் ஜான்சன் வில்சனைப் புகழ்ந்து சர்ச்சிலோடு ஒப்பிட்டார்!

என் கருத்தில், சொல்லப்பட்டது எவ்வளவு கடுமையானது என்பதைப் பொறுத்து அறைக்குள் கிடைத்த நடத்தை அமையவில்லை. முன்னறிவிப்பு இருந்ததா, அந்த நேசநாட்டிடம் இன்னும் எதிர்பார்க்க ஏதாவது மிச்சம் இருந்ததா என்ற இரண்டையும் பொறுத்தே அமைந்தது.

வெண்ணாறு:

அப்படியானால் பிரான்ஸ் அதிபர் டி காலை எங்கே வைப்பீர்கள்? அவர் முன்னறிவிப்பும் தரவில்லை. அவரிடம் ஜான்சன் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. 1966 மார்ச் 7 தேதியிட்ட கடிதத்தில், மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒருங்கிணைந்த படைத் தலைமையிலிருந்து பிரான்ஸ் விலகுவதாகவும், பிரெஞ்சு மண்ணில் அயல்நாட்டுப் படைகள் இருக்கக்கூடாது என்றும் ஜான்சனுக்குத் தெரிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று கம்போடியத் தலைநகர் நோம்பென்னின் விளையாட்டரங்கில் பெருங்கூட்டத்தின் முன் நின்று, அமெரிக்கா குறித்த காலத்துக்குள் படைகளைத் திரும்பப் பெற உறுதி தராதவரை பேச்சுவார்த்தைக்கு வழியே பிறக்காது என்ற பொருளில் பேசினார். உங்கள் அளவுகோலின்படி அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது பெரும் சீற்றம். கிடைத்ததோ மௌனம்.

வெளியுறவுத் துறையில் பலர் கடுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று துடித்தபோதும், டி காலைத் தனிப்பட்ட முறையில் தாக்கி யாரும் பேசக்கூடாது என்று ஜான்சன் தடுத்துவிட்டார். ஒருவர் தம் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னால் வாதாடுவதில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் முறை என்பது அவர் சொன்னதாக அறியப்பட்ட வாசகம். ஆனால், அடங்கிய அந்தப் பேச்சுக்குப் பின்னால் கசப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் அமெரிக்க வீரர்களையும் தோண்டி எடுத்துச் செல்ல வேண்டுமா என்று டி காலிடம் கேட்கும்படி ஜான்சன் பணித்ததாக, வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் பின்னாளில் எழுதினார். ரஸ்க் அதைக் கேட்டும்விட்டார்.

தென்பொருநை:

டி கால் விதிவிலக்கு அல்லர், வெண்ணாறு; மாடவீதி சொன்ன அளவுகோலின் மறுமுனை அவர். கத்துவதால் மாறக்கூடியவரிடம்தான் கத்துவார்கள். பியர்சன் தம்மவர், தவறு செய்துவிட்ட தம்பி என்ற எண்ணம் ஜான்சனுக்கு இருந்தது. அதனால் உரிமையோடு கழுத்துப்பட்டையைப் பிடித்தார். டி காலிடம் அப்படிப்பட்ட உரிமை எதுவும் செல்லாது என்பது அவருக்குத் தெரியும். பொதுவெளியில் சண்டையிட்டால் டி காலின் மதிப்புதான் உயரும், ஐரோப்பாவில் மற்ற நேச நாடுகள் தர்மசங்கடத்துக்கு ஆளாகும். நேட்டோ தலைமையகம் பாரிஸ் அருகிலிருந்து பெல்ஜியத்துக்குச் சண்டையின்றி இடம்பெயர்ந்து, மற்ற உறுப்பு நாடுகள் எல்லாம் உடன் நின்றதற்கு அந்த மௌனம் ஒரு முக்கியக் காரணம்.

நள்ளிரவு வாசகர்:

இந்தியாவை விட்டுவிட்டீர்களே? ரேஷன் கடைகளில் அமெரிக்கக் கோதுமை வாங்கிய தலைமுறைக்கு இந்த விவாதம் வெறும் அயல்நாட்டுக் கதை அல்ல. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தன. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழ் வந்த தானியம் இல்லையென்றால் பல மாநிலங்களில் பட்டினிதான். 1966 மார்ச் இறுதியில் இந்திரா காந்தி வாஷிங்டன் சென்றபோது வரவேற்பு தடபுடலாக இருந்தது. ஜூலையில் மாஸ்கோவில் வெளியான கூட்டறிக்கையில் ஏகாதிபத்தியவாதிகளைச் சாடும் சொற்கள் இடம்பெற்றன. குண்டுவீச்சை நிறுத்தும்படி அமெரிக்காவை வேண்டும் வரியும் இருந்தது. அதன்பின் தானியக் கப்பல்களுக்கான ஒப்புதலை ஜான்சன் மாதம் மாதமாகத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். போப்பும் ஐ.நா. பொதுச் செயலாளர் ஊ தாண்ட்டும் சொன்னதைத்தானே இந்தியாவும் சொல்கிறது என்று டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸ் வாதிட்டபோது, போப்புக்கும் ஊ தாண்ட்டுக்கும் நமது கோதுமை தேவையில்லை என்று வாஷிங்டனிலிருந்து பதில் வந்ததாம். மேல்தளத்துச் சினத்தைவிட இது கொடிது.

மாடவீதி:

நண்பர் நள்ளிரவு வாசகர் சொல்வதை ஏற்கிறேன், இரண்டு குறிப்புகளோடு. முதலாவது, இந்தியா அணிசேரா நாடு. நேச நாட்டிடம் எதிர்பார்க்கும் விசுவாசத்தை அங்கே எதிர்பார்க்க இடமில்லை. எனவே, சண்டையிட்டுச் சமாதானம் ஆகும் வழிமுறையும் இல்லை. இரண்டாவது, கப்பல்களை இழுத்துப் பிடிக்கும் முறை மாஸ்கோ அறிக்கைக்கு முன்பே, 1965-லேயே தொடங்கியது. இந்தியா வேளாண்மைக்கு அதிக நிதி ஒதுக்க வேண்டும் என்பது அப்போது முன்வைக்கப்பட்ட நிபந்தனை. வியட்நாம் பற்றிய விமர்சனம் அந்தக் கயிற்றை மேலும் இறுக்கியது, கயிற்றைக் கட்டியது அது அல்ல.

ஆனால், இதே கயிறு பிரிட்டனின் கழுத்திலும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். 1965 கோடையில் பவுண்ட் நாணயம் தள்ளாடியபோது அமெரிக்காவின் ஆதரவால்தான் மதிப்புக் குறைப்பு தள்ளிப்போனது. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே, ஆசியப் பகுதிகளில், பிரிட்டிஷ் படைகள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதோடு பிணைந்திருந்தது. வில்சன் 1966-இல் சொற்களை அவ்வளவு அளந்து பேசியதற்கும், ஜான்சன் அதை அவ்வளவு பெருந்தன்மையோடு ஏற்றதற்கும் பின்னால் இந்தப் புரிந்துணர்வு இருந்தது. பெருந்தன்மைக்கும் விலை உண்டு.

ஓலைச்சுவடி:

ஜான்சனுக்குப் பின் வந்த நிக்சனையும் இங்கே பார்க்க விரும்புகிறேன், ஏனெனில் அவர் கத்தவில்லை, கதவைச் சாத்தினார். 1972 டிசம்பர் 18 முதல் ஹனோய் மீது நடந்த கிறிஸ்துமஸ் குண்டுவீச்சை ஸ்வீடன் பிரதமர் ஓலாஃப் பால்மே பழைய கொடுமைகள் நடந்த குவர்னிக்கா, லிடிசே, டிரெப்லிங்கா ஆகிய இடங்களின் பெயர்களோடு சேர்த்துப் பேசினார். ஸ்வீடன் அப்போது இராணுவக் கூட்டணியில் இல்லாத நாடு. அதனால், புதிய தூதரை அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். 1974 வரை அந்நிலை நீடித்தது.

ஆஸ்திரேலியா அப்படியல்ல, உடன்படிக்கையால் கட்டுண்ட நேச நாடு. அப்போதுதான் பதவியேற்றிருந்த பிரதமர் கஃப் விட்லம் பொது மேடையில் நிதானமாக இருந்து, நிக்சனுக்குத் தனிக் கடிதமாகவே தம் கவலையை எழுதினார். ஆனால், அமெரிக்காவும் வடவியட்நாமும் இருவருமே பேச்சுக்குத் திரும்ப வேண்டும் என்று வேண்டப்போவதாக எழுதியதில், இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார் என்று நிக்சன் கொதித்தார். இதற்கிடையே ஜிம் கெய்ர்ன்ஸ், டாம் யூரன், கிளைட் கேமரன் ஆகிய மூன்று அமைச்சர்கள் கட்டுப்பாடின்றி வெளிப்படையாகத் திட்டித் தீர்த்தார்கள். கடிதத்துக்கு நிக்சன் பதில் எழுதவில்லை. வெள்ளை மாளிகைக்கு விட்லமை அழைக்க 1973 ஜூலை 30 வரை இழுத்தடித்தார்கள். முற்றாக முறித்துக்கொள்ளாமல் அழைத்ததற்கு, ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பைன் கேப் என்ற இடத்தில் இயங்கிய உளவுத்தகவல் நிலையத்தின் மீதான அக்கறை பெரும் காரணம்.

மாடவீதி சொன்ன முன்னறிவிப்பு விதி இங்கே முறிகிறது என்பது என் எண்ணம். விட்லம் செய்தது முறையான வழி. கிடைத்ததோ மௌனத் தண்டனை.

மாடவீதி:

முறியவில்லை என்றே நினைக்கிறேன். கடிதம் தனியே வந்தாலும், அமைச்சர்களின் பேச்சு பகிரங்கமாக வந்தது. நிக்சனின் பார்வையில் அவை இரண்டும் ஒரே குரல். தம் அமைச்சரவையின் வாயைக் கட்ட முடியாத பிரதமர் தரும் முன்னறிவிப்புக்கு மதிப்பு குறைவு. இன்னொன்றும் உண்டு. ஜான்சன் மனிதர்களைப் பார்த்துப் பேசியே அரசியல் செய்தவர். செனட்டில் பழகிய வழி அது. நிக்சனுக்கு நேருக்கு நேர் சண்டை பிடிக்காது. எனவே, அவருடைய கோபம் பதில் எழுதாத கடிதமாகவும் கிடைக்காத சந்திப்பாகவும் வெளிப்பட்டது.

தவறு செய்த பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டுமானால் ரீகனைப் பாருங்கள். 1983 அக்டோபர் 25 அன்று, எலிசபெத் அரசியை நாட்டுத் தலைவராகக் கொண்ட கிரெனடா தீவில் அமெரிக்கப் படைகள் இறங்கின. அதற்கு முந்தைய நாள்தான் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ், அமெரிக்கா தலையிடும் என்று கருதக் காரணம் இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். பிரிட்டன் பிரதமர் தாட்சர் கொதித்துப் போயிருந்தார். 26 அன்று ரீகன் தொலைபேசியில் அழைத்தார்; அந்த ஒலிப்பதிவு 2014-இல் வெளியானது. நான் அங்கே நேரில் வந்திருந்தால் உள்ளே நுழையுமுன் தொப்பியை வாசலுக்குள் எறிந்து பார்த்திருப்பேன் என்றுதான் தொடங்குகிறார். (அமெரிக்க அதிபர்களுக்கும் தொப்பிக்கும் அப்படி என்ன உறவோ!) செய்தி கசிந்துவிடும் என்று தம் பக்கத்தைப் பற்றியே அஞ்சினோம், உங்களை நம்பாததால் அல்ல என்று நீண்ட விளக்கம் தருகிறார். தாட்சர் வாதாடவில்லை, இணங்கவும் இல்லை. நாடாளுமன்ற விவாதத்துக்குத் திரும்ப வேண்டும், அது சற்றுச் சிக்கலானது என்று பேச்சை முடித்துக்கொள்கிறார். சில நாட்களில் பிபிசி உலக சேவையில், மேற்கு நாடுகள் மற்ற நாடுகளுக்குள் படையோடு நுழைவது தவறு என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். ரீகன் அதற்குப் பதிலடி கொடுக்கவில்லை. 1986 ஏப்ரலில் லிபியா மீது குண்டுவீச அமெரிக்க விமானங்கள் பிரிட்டிஷ் தளங்களிலிருந்து புறப்பட அனுமதித்தவரும் அதே தாட்சர்தான்.

வெண்ணாறு:

இத்தனை எடுத்துக்காட்டுகளிலும் நாம் பேசிக்கொண்டிருப்பது சொற்களைப் பற்றி. சொற்களுக்கு எழுந்த சினம் பெரும்பாலும் ஆறிவிட்டது. 1967 மே மாதம் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சிக்கு வந்த ஜான்சன் பியர்சனையும் சந்தித்தே சென்றார். ஆறாதது செயலுக்கு எழுந்த சினம்தான். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்த பிறகு, சூயஸுக்குக் கிழக்கேயுள்ள படைகளை 1971 இறுதிக்குள் திரும்பப் பெறுவதென வில்சன் அரசு முடிவெடுத்தது. அதைத் தெரிவிக்க 1968 ஜனவரியில் வாஷிங்டன் சென்ற வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரவுனிடம், கடவுளுக்காகப் பிரிட்டனைப் போல நடந்துகொள்ளுங்கள் என்று ரஸ்க் கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஜான்சன் வில்சனுக்கு நேரடியாகவே எழுதி, முடிவை மாற்றும்படி வேண்டினார். அந்தக் கடிதத்தில் கத்தல் இல்லை, மிரட்டலும் பெரிதாக இல்லை. வருத்தமே மேலோங்கி நின்றது. பவுண்டின் மதிப்பு ஏற்கெனவே குறைக்கப்பட்டுவிட்டதால், இழுத்துப் பிடிக்கக் கையில் கயிறும் இருக்கவில்லை. ஜனவரி 16 அன்று வில்சன் அந்த முடிவை நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.